யாரைக் கேட்டோம்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் கொத்தட்டை இருக்கிறது. அங்கே கூத்தாண்டவர் கோயில் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். அவர்களில் எத்தனை பேர் பள்ளி வயதில் வீட்டைவிட்டு வந்தவர்கள் என்று அந்தக் கூட்டம் யோசிப்பதில்லை. "இந்த வயசுல உனக்கு என்ன தெரியும்?" என்றுதான் வீடு அன்று கேட்டிருக்கும்.

அந்தக் கேள்வியை நாமும் எளிதில் தள்ளிவிட முடியாது. தன் உடலும் தான் உணரும் பாலினமும் ஒட்டாமல் தவிக்கும் சிறாருக்கு மருத்துவம் எதுவரை போகலாம்? பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்குச் சான்றுகள் வலுவாக இல்லை என்று பிரிட்டனில் ஹிலாரி காஸ் தலைமையிலான ஆய்வு 2024 ஏப்ரலில் சொன்னது. அந்த மருந்துதான் தங்களை வாழவைத்தது என்று சொல்லும் இளையோரும் இருக்கிறார்கள்.

நம் மாநிலத்துக்கு இந்தக் கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. ஓர் ஆணும் திருநங்கையும் தூத்துக்குடியில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்வது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரல் 22 அன்று மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இடைப்பாலினக் குழந்தைகளின் உறுப்புகளை 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை பற்றியும் அதில் பேசினார். பெற்றோரின் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்றார். அந்த ஆகஸ்டிலேயே, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய அந்த அறுவை சிகிச்சை கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் குறையும் சொல்லாத கைக்குழந்தைக்குக் கத்தி அவசரமாக வந்தது. தவிக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பொறு என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் கலந்து பேசியது ஊரோடு, பிள்ளையோடு இல்லை.

பெற்றோரின் 'சரி' போதாது என்றால், அவர்களின் 'கூடாது' மட்டும் எப்படிப் போதும்? திரும்பப் பெற முடியாத அறுவை சிகிச்சை, அவர்களே முடிவெடுக்கும் வயதுவரை காத்திருக்கட்டும். ஆனால் காத்திருப்பும் உடலில் தழும்பு விடும். குரல் உடைவதும் மார்பு வளர்வதும் நமக்காக நிற்காது. அதனால் 'பொறு' என்று சொல்பவர்கள் கூடவே இருக்கவும் வேண்டும்: பிள்ளை விரும்பும் பெயரில் அழைக்க, பள்ளியில் இடம்பிடித்துக் கொடுக்க, பொறுமையாகக் கேட்கும் மருத்துவரிடம் அழைத்துப்போக. 'குணப்படுத்துகிறேன்' என்பவரிடம் அழைத்துப்போவது துணையாகாது. 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்படிப்பட்ட 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். துணையில்லாத பிள்ளைகள்தான் முன்பு, மயக்க மருந்துகூட இல்லாமல், தாயம்மாவின் கத்திக்குப் போனார்கள்.

பெண்களுக்கு இது புதிய கதை இல்லை. வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தியதும், கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் 'உன் நன்மைக்குத்தான்' என்றுதானே? நம்மைக் கேட்டார்களா? கேட்கப்படாதவர்களாக வளர்ந்த நாம், பிள்ளைகளைக் கேட்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும்.