என்ன லோடு ஏத்தப் போற?



ஒரு வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று மூணு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டேன். வண்டிக் கதை நம்ம குழுவில் எதுக்கு என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் அது வெறும் பணக் கணக்காகத்தான் இருந்தது. போகப் போக தர்மக் கணக்காகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். இப்போது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலம் டல்லாஸ் பக்கத்தில் சாஃப்ட்வேர் வேலை. எங்கள் ஆபீஸில் ஒரு அண்ணா குடும்பத்தோடு ஊருக்கே திரும்புகிறார். அவருடைய ஃபோர்டு எஃப்-150 டிரக், 2021 மாடல், ஹைபிரிட். "வெளிய யாருக்கோ கொடுக்கறதுக்கு நீ எடுத்துக்கோ தம்பி, விலையைப் பார்த்துப் போட்டுக்கலாம்" என்றார். சாவியையும் கையில் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.

ஊரில் இருப்பவர்களுக்கு அளவு புரிய வேண்டும். நீளம் 19 அடிக்கு மேல். எடை இரண்டரை டன்னுக்குக் கிட்ட. 430 குதிரைத்திறன். ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அமெரிக்காவில் 1977-லிருந்து அதிகமாக விற்கிற டிரக் வரிசை இதுதான். டெக்சாஸில் சிக்னலில் நின்றால் முன்னாடியும் பின்னாடியும் இதே சைஸ் வண்டிகள்தான். நடுவில் என் கொரோலா, யானைக் கூட்டத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி.

எனக்கு ஆசை வந்ததற்கு மூணு காரணம். மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் காரணம் பயம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் வந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். நான் அப்போது எம்.எஸ். மாணவன். இரண்டு ராத்திரி மூணு பேர் ஒரே அறையில், இருக்கிற எல்லாத் துணியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த ஹைபிரிட் டிரக்கில் ஜெனரேட்டர் உள்ளேயே இருக்கிறது. 7.2 கிலோவாட் வரை கொடுக்கிற மாடல் உண்டு. டீலர்களிடம் இருந்த இந்த வண்டிகளை மக்களுக்கு இரவல் கொடுக்கச் சொல்லி அந்தப் புயல் சமயத்தில் கம்பெனியே கேட்டுக்கொண்டது. அந்தக் குளிரில் உட்கார்ந்தவனுக்கு இது பெரிய விஷயம்.

இரண்டாவது, தை மாசம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. ரோட்டில் எல்லாரும் பெரிய வண்டியில் போகும்போது என் பிள்ளை மட்டும் சின்ன வண்டியில் இருக்கலாமா?

மூன்றாவது, கெத்து. உயரத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது வருகிற அந்த மிதப்பு. இதைக் கடைசியில் எழுதினாலும் உண்மையில் இதுதான் முதலில் வந்ததோ என்று சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு வண்டியைச் சுற்றிக் காட்டினேன். அப்பா இருபது வருஷம் காய்கறி லோடு அடித்தவர். கடைசிப் பத்து வருஷம் டாடா ஏஸ், நம்ம குட்டி யானை. 16 குதிரைத்திறன், 750 கிலோ பாரம். அதை வைத்துத்தான் என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்.

எல்லாத்தையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்குது கண்ணு. என்ன லோடு ஏத்தப் போற?"

பதில் வரவில்லை. சிரித்து மழுப்பினேன்.

ராத்திரி உட்கார்ந்து போன வருஷத்தைக் கணக்குப் போட்டேன். சோபா தூக்கினது ஒரு தடவை. பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் ஏற்றினது இரண்டு தடவை. தோட்டத்துக்கு மண் மூட்டை ஒரு தடவை. மொத்தம் நாலு நாள். மீதி 361 நாளும் ஒரு லேப்டாப் பையையும் என்னையும் சுமக்க 430 குதிரை.

எங்கள் தொழிலில் இந்தத் தப்பை எல்லாரும் ஒரு காலத்தில் செய்தார்கள். தீபாவளி ஆஃபர் அன்றைக்கு வருகிற கூட்டத்துக்காகப் பெரிய சர்வர் வாங்கிப் போட்டு, வருஷம் முழுக்கச் சும்மா ஓடவிடுவார்கள். இப்போது தேவைப்படும் நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறோம். டிரக்கும் அப்படித்தான். வீட்டுச் சாமான் கடைகளிலேயே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிறது. கரண்ட் போகும் நாளுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் கராஜில் இருந்தால் போதும். பயத்துக்கு மருந்து தனியாகக் கிடைக்கும்போது, அதை நாலு சக்கரத்தில் வைத்துத் தினமும் ஓட்ட வேண்டியதில்லை.

ஆனால் குழந்தை விஷயம் அவ்வளவு லேசில் அடங்கவில்லை. தகப்பன் பயம் கணக்குக்குக் கட்டுப்படாது.

அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. இந்த வண்டியை அண்ணா வாங்கினபோது நான் அங்கே இன்டர்ன். கோயிலில் வாகன பூஜை. அண்ணாவும் அண்ணியும் வெளியே ஆரத்திக்கு நின்றார்கள். வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நகர்த்த என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். குருக்கள் பழம் வைக்க முன்னால் வந்து குனிந்தார். ஆளையே காணோம்! பானெட்டுக்கு மேலே கற்பூரப் புகை மட்டும்தான் தெரிந்தது. "சாமி எங்க போனாரு?" என்று கேட்டேன், எல்லாரும் சிரித்தோம்.

இப்போது அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. குனிந்த பெரியவரே தெரியவில்லை என்றால், நின்றுகொண்டிருக்கிற மூணு வயசுக் குழந்தை?

இது இந்த ஒரு வண்டியின் குறை கிடையாது. பெரிய சைஸ் டிரக் எல்லாவற்றுக்கும் மூக்கு உயரம்தான். ஐ.ஐ.எச்.எஸ். என்று அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்துகிற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பாதசாரிகள் அடிபட்ட கிட்டத்தட்ட 18,000 விபத்துகளைப் பார்த்து 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ சரிவாக இருக்கிற வண்டியைவிட ஆள் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். அமெரிக்க ரோடுகளில் 2009-ல் சுமார் 4,100 பாதசாரிகள் இறந்தார்கள். 2022-ல் 7,500க்கு மேல். எல்லாத்துக்கும் டிரக்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். வேகம், குடி, செல்போன், வெளிச்சம் இல்லாத ரோடு, எல்லாம் சேர்ந்ததுதான். அதில் இதுவும் ஒன்று.

"முன்னாடி கேமரா இருக்கே" என்று மனைவியிடம் வாதாடினேன். அவள் ஒன்றும் ஆத்திரப்படவில்லை. "ஏங்க, உள்ள உட்கார்ந்திருக்கறது நம்ம குழந்தை. வெளிய நிக்கறதும் யாரோ ஒருத்தர் பெத்த குழந்தைதானே?" என்றாள்.

கேள்வி அங்கேதான் இருக்கிறது. என் பிள்ளையைக் காப்பாற்ற நான் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம், அது என் காசு. அந்தக் காப்புக்கான விலையை ரோட்டில் நடக்கிற இன்னொருவர் தலையில் வைக்கலாமா? அவரை யாரும் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போடவும் இல்லை. ஒவ்வொரு வீடும் "எங்க பிள்ளைக்காக" என்று பெரிய வண்டி வாங்கினால், ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் ரோடு இன்னும் ஆபத்தாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நல்ல அப்பா அம்மா. மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் நிம்மதி இல்லை.

அதற்காக என் குழந்தையைப் பலி கொடுப்பதா என்றும் யோசித்தேன். தியாகம் என்ற பெயரில் அடுத்த உயிரை நான் பணயம் வைக்க முடியாதே. அதே நிறுவனம் 2025-ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. ரொம்பச் சின்ன வண்டிக்கு எடை கூடினால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு கூடும். சராசரி எடையைத் தாண்டின பிறகு கூடுகிற எடையால் உள்ளே இருப்பவருக்குப் பெரிய லாபம் இல்லை, எதிரே வருபவருக்குத்தான் ஆபத்து கூடுகிறது. இதைப் படித்தபோது நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. நடுத்தரமான வண்டி, நல்ல சீட், நிதானமான கால். அதுக்கு மேலே நான் வாங்க நினைத்ததெல்லாம் பாதுகாப்பு கணக்கில் வராது, கெத்து கணக்கில்தான் வரும்.

மறுபடி அப்பாவுக்குப் போன் போட்டேன். லோடு ஒன்றும் இல்லைப்பா என்றேன். அவர் தைப்பூச ராத்திரிகளைப் பற்றிப் பேசினார். ஒட்டன்சத்திரம் டூ பழனி ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம் விடிய விடிய நடக்கும். காவடி, பச்சை வேட்டி, வெறும் கால், தூக்கக் கலக்கம். மார்க்கெட்டுக்கு நேரமானாலும் அந்த நாட்களில் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டாராம். "நடக்கறவன் நம்மளை நம்பித்தான் நடக்கறான் சாமி. அவன் நம்மளைப் பார்க்கறானோ இல்லியோ, நாம அவனைப் பார்க்கோணும்."

இருபது வருஷம் ஓட்டினவர் வாயில் இருந்து வந்த வார்த்தை. எனக்கு வேறு ஆய்வு தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணா கோவிச்சுக்கவில்லை. அடுத்த வாரமே வண்டி போய்விட்டது. வாங்கினவர் கூரை போடும் வேலை செய்கிறவர். தினமும் ஏணி, ஓடு, ஆணிப் பெட்டி, நாலு ஆட்கள். அவருக்கு அது தேவை. டிரக் வைத்திருக்கும் யாரையும் நான் குறை சொல்லவில்லை. அந்த வண்டிக்கு லோடு கிடைத்துவிட்டது, எனக்கு லோடு இல்லை, அவ்வளவுதான். இப்போதைக்குக் கொரோலாவே போதும். குழந்தை வந்தபிறகு மூக்கு தாழ்ந்த மினிவேன் ஒன்று பார்க்கலாம் என்றிருக்கிறோம்.

அன்பர்களே, கார் என்றில்லை, எது வாங்கும்போதும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: என்ன லோடு ஏத்தப் போறோம்? பெரிய வண்டி ஏற்கனவே வைத்திருந்தால், சாவி போடும் முன் ஒரு தடவை முன்பக்கம் நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். பத்து செகண்டுதான் ஆகும்.

நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் வேலும் மயிலும் துணை.