அறைந்த குற்றமும் மறைத்த குற்றமும்

1964-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘புதிய பறவை’ என்னும் படத்தை நம்மில் அறியாதவர் சிலரே. படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அக்கதையில் வியாபாரிகளாகிய நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சிவாஜி கணேசன் நடித்த கோபால் என்பவன் சிங்கப்பூரில் வாழ்ந்த செல்வந்தன். நம் பெரியவர்கள் ரஜூலாவில் நாகப்பட்டினம் போய்வந்த காலத்தில் அவனும் கப்பலில் ஊர் திரும்புகிறான். கப்பலில் கண்ட லதாவை மணக்க நிச்சயமாகிறது. அவ்வேளையில் ஒரு பெண் வந்து, தானே அவனுடைய மனைவி சித்ரா என்கிறாள். சித்ரா ரயிலில் விழுந்து தற்கொலை செய்துகொண்டாள் என்றல்லவா அவன் சொல்லி வந்தான்! வந்தவள் பொய்க்காரி என்று அவனுக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க அவனிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று: சித்ரா தன் கையால் இறந்தாள் என்ற உண்மை. முடிவில் அதைச் சொல்லி அகப்படுகிறான். வந்தவளும் லதாவும் போலீஸார் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

நடந்தது என்ன? சண்டையில் கோபங்கொண்டு ஓர் அறை விட்டான். இதயம் பலவீனமான அவள் மாண்டாள். அறைந்தது மட்டுமே என்றால் எவர் நம்புவார், குடும்பத்தின் பெயர் என்னாகும் என்று அஞ்சி, உடலைத் தண்டவாளத்தில் கிடத்தினான்.

கொல்லும் நிய்யத்து அவனுக்கு இல்லை என்பது மெய். ஷாபி, ஹனபி மத்ஹபுகளின் நூல்களில் வேண்டுமென்று செய்த கொலை, தவறுதலாக நேர்ந்த கொலை, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று மூன்று வகை சொல்லப்படும். சாதாரணமாக உயிரைப் போக்காத அடியால் மரணம் நேர்ந்தால் அது இடைப்பட்டது. அதற்கும் பொறுப்பு உண்டு. வாரிசுகளுக்கு தியத் கொடுத்தாக வேண்டும். ஆனால் கொலைகாரனுக்குரிய பழிக்குப்பழி அதற்கு இல்லை.

மறைத்த குற்றமோ வேறு. அறைந்தது கண நேரக் கோபத்தில். தண்டவாளத்துக்குத் தூக்கிச் சென்றது யோசித்து. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவும் குற்றத்தின் சாட்சியத்தை மறைப்பதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. தன் பெயரைக் காக்க, தற்கொலை என்னும் பழியை இறந்தவள் தலையில் போட்டான். மறுத்துப் பேச அவளுக்கு வாய் இல்லை. படம் பார்ப்பவர்கள் கோபாலுக்காகவே கண்ணீர் விடுகிறார்கள். சித்ரா குடித்தாள், அடங்காமல் நடந்தாள் என்பார்கள். இருக்கட்டும். கெட்டவளுடைய ஹக்கும் ஹக்குதானே!

இது கதையில் மட்டும் நடப்பதன்று. கடையில் கணக்குக் குறைந்தால், ஊருக்குப் போய்விட்ட பையன் எடுத்திருப்பான் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கூட்டாளி மவுத்தானபின் கொடுக்கல் வாங்கலில் உள்ள கோளாறெல்லாம் அவர் செய்ததாகிவிடுகிறது. அந்தச் சொல் கடலைத் தாண்டி ஊருக்குப் போய்ச் சேர்கிறது. பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். கூட்டாளியின் மக்களுக்குக் கடன் கொடுக்கத் தயங்குகிறார்கள். நாமோ கல்லாவில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம்.

அல்லாஹ்வுக்கும் நமக்கும் இடையிலுள்ள பாவத்துக்குத் தவ்பா உண்டு. அடியானுடைய ஹக்கு அப்படியன்று. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அவர் மன்னிக்க வேண்டும். கபுறுக்குள் போனவரிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது? ஆகவே சகோதரர்களே, கை தவறியது எதுவானாலும் அன்றைக்கே, உரியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுவோம். அதனால் வரும் நஷ்டம் பணத்தோடு போகும்.