மயிலுக்கு எதற்குப் போர்வை?

பீளமேட்டில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் நண்பர் ஒருவர், போன வருஷம் ஒருநாள் காலங்கார்த்தாலே போன் செய்தார். குரலில் புகார்.

"ஏனுங்க, என்ற பொண்ணு மூணு மாசம் வால்பாறைக்குப் போறாளாமுங்க. காட்டுல வேலை. சம்பளம் ஒத்தப் பைசா கிடையாது. சோத்துக்கும் தங்கறதுக்கும்கூட நாமதான் கட்டோணுமாமுங்க. இது என்னங்க நியாயம்?"

பெண் விலங்கியல் கடைசி வருஷம். மழைக்காட்டில் ஆய்வு செய்யும் குழு ஒன்றில் 'இன்டர்ன்ஷிப்'. நான் படித்தது பி.காம். எங்கள் காலத்தில் இன்டர்ன்ஷிப் என்றால், ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பழைய வவுச்சர்களுக்குப் பச்சை மையில் டிக் அடிப்பது. அதனால் நண்பருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை. "போயிட்டு வரட்டும் விடுங்க" என்றேன்.

அந்தப் பெண்ணின் கனவு எனக்குத் தெரியும். முதுமலையில் தாயில்லாத யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை, 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்ற ஆவணப்படமாகி 2023-ல் ஆஸ்கர் வாங்கியதே... அதைப் பார்த்ததிலிருந்து, ஒரு குட்டி யானைக்குப் புட்டியில் பால் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

வால்பாறையில் அவள் கையில் கொடுத்தது பால் புட்டி அல்ல. களைக்கொத்து!

"நம்ம தோட்டத்துல ஒரு நாள் களை எடுடின்னா காதுல வாங்க மாட்டா. அங்க போயி சும்மாவே எடுக்கறாளாமுங்க!" நண்பருக்கு ஆறவே இல்லை.

இந்தக் களையெடுப்பு என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த மழைக்காட்டை வெட்டித்தான் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். வெட்டாமல் விட்ட துண்டுகள் எஸ்டேட்டுகளுக்கு நடுவே தீவு தீவாக நிற்கின்றன. திவ்யா முடப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் என்ற விஞ்ஞானித் தம்பதியும் அவர்கள் சார்ந்த 'நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்' அமைப்பும் இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தத் துண்டுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். உண்ணிச்செடியைப் பிடுங்குவது, விழுந்து கிடக்கும் காட்டு விதைகளைப் பொறுக்கி வந்து நாற்றங்காலில் முளைக்க வைப்பது, மழை பிடித்ததும் கொண்டுபோய் நடுவது. காட்டை நோயாளி என்று வைத்துக்கொண்டால், இது நர்ஸ் வேலை. யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். காலில் அட்டை கடிக்கும். நட்ட கன்று மரமாவதைப் பார்க்க இன்டர்ன் அங்கே இருக்கமாட்டாள்.

இரண்டாவது மாதம் அவளைக் குரங்குகளின் பின்னால் அனுப்பினார்கள். சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மர உச்சியிலேயே வாழப் பழகிய ஜீவன். ஆனால் வால்பாறை ஊரை ஒட்டி, நூறு ஹெக்டேர்கூட இல்லாத புதுத்தோட்டம் காட்டுத் துண்டில் இருப்பவை தரைக்கு இறங்கி, ரோட்டைக் கடந்து, வீட்டுச் சமையலறை வரைக்கும் வந்துவிட்டன. அவை வண்டியில் அடிபடாமல் கடக்க, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒரு கூட்டத்தைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொடர்ந்து போய், என்ன தின்கிறது, எங்கே உட்காருகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் குட்டி ஒன்றுக்கு இவளைப் பழகிவிட்டது. ஒருநாள் இறங்கி வந்து, நாலடி தூரத்தில் உட்கார்ந்து, இவள் முகத்தையே பார்த்திருக்கிறது. அப்புறம் கையை நீட்டியிருக்கிறது.

"நான் என்ன பண்ணினேன் தெரியுமா அங்கிள்? திரும்பி நின்னுக்கிட்டேன். பின்னாடி அது கத்துது. நான் திரும்பவே இல்ல."

"ஏன் கண்ணு?"

"எங்க சீனியர் அண்ணா மொத நாளே சொல்லிட்டார். இன்னைக்கு உன் கைக்கு வந்துச்சுன்னா, நாளைக்கு டூரிஸ்ட் கார்கிட்டப் போகும், நாளன்னிக்கு டயர்ல கிடக்கும்னு. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து அழுதேன் அங்கிள். அதுக்கு நான் நல்லது பண்ணினேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தான் நல்லது செய்தது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்படுகிறோம்?

ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறும்போது, கார் ஜன்னலைத் திறந்து குரங்குக்கு வாழைப்பழமோ முறுக்கோ வீசியிருக்கிறீர்களா? நான் வீசியிருக்கிறேன். பல தடவை. குழந்தைகளை விட்டும் வீசச் சொல்லியிருக்கிறேன், ஜீவகாருண்யம் கற்றுக்கொடுக்கிறேனாம்! அந்த வளைவில் பின்னால் வந்த லாரி என்ன செய்தது என்று திரும்பிப் பார்த்ததில்லை.

நம் பண்பாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். பொதினி என்கிற நம் பழனி மலைக்கு உரியவர், கடையெழு வள்ளல்களில் ஒருவரான பேகன். மயில் குளிரில் நடுங்குவதாக நினைத்துத் தன் போர்வையை எடுத்துக் கொடுத்தாராம். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது 'அடடா' என்று இருந்தது. அப்புறம் புறநானூற்றைப் புரட்டியபோது ஓர் ஆச்சரியம். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தார் என்று பரணரே பாடியிருக்கிறார். கைம்மாறு எதிர்பாராத கொடை என்று புலவர் அதைப் புகழ்கிறார். எனக்கோ வேறொரு சந்தேகம். அந்தப் போர்வை யாருடைய குளிருக்கு? (இன்றைக்குக் கொங்கு நாட்டு விவசாயியிடம் மயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். போர்வை அல்ல, வேறு எதையாவது எடுப்பார்.)

தென்னாப்பிரிக்காவில் நடந்த கதை இதைவிட மோசம். தாயை இழந்த சிங்கக் குட்டிகளை வளர்க்க வாருங்கள் என்று சில பண்ணைகள் அழைத்தன. வெளிநாட்டு இளைஞர்கள் ஏகப்பட்ட பணம் கட்டிப் போய்ப் பால் கொடுத்தார்கள், மடியில் போட்டுக் கொஞ்சினார்கள். பல குட்டிகளுக்குத் தாய் இருந்தது; பிறந்ததும் பிரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வளர்ந்த சிங்கங்களில் பல, வேலி போட்ட இடத்தில் காசு கட்டிச் சுடுகிறவர்களுக்கு இரையாகப் போயின. 2015-ல் 'பிளட் லயன்ஸ்' என்ற ஆவணப்படம் இதை வெளியே கொண்டுவந்தது. மனிதனைக் கண்டு பயப்படாத சிங்கத்தைச் சுடுவது எவ்வளவு சுலபம்! அந்தப் பயத்தைப் போக்கியது, கொஞ்சிய கைகள்தான்.

பி.காம். முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்த விதி ஒன்று: பெறுகிறவர் கணக்கில் பற்று, கொடுக்கிறவர் கணக்கில் வரவு. புட்டியில் பால் கொடுத்துப் போட்டோவும் சர்டிபிகேட்டும் வாங்கி வரும் பிள்ளை, தான் கொடுத்தவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கணக்கை ஒழுங்காக எழுதினால் பற்று அவன் பேரில்தான் விழும்.

இதற்கு நேர் எதிர் அமெரிக்காவில். 1941-ல் இருபத்துச் சொச்சமே மிஞ்சியிருந்த ஹூப்பிங் கொக்குகளைப் பெருக்க, குஞ்சுகளைக் கையில் வளர்க்க வேண்டி வந்தது. வளர்ப்பவர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட்டு முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். கையில் கொக்குத் தலை பொம்மை. அதன் அலகால்தான் ஊட்டுவது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. மாதக்கணக்கில் வளர்த்தவரின் முகம் அந்தக் குஞ்சுக்குத் தெரியவே தெரியாது.

'அப்போ விலங்கைத் தொடவே கூடாதா சார்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவ்வளவு சுலபமாகவும் சொல்லிவிட முடியவில்லை.

2023 டிசம்பர் கடைசியில் வால்பாறை பன்னிமேடு எஸ்டேட் பக்கம் யானைக் குட்டி ஒன்று கூட்டத்தைப் பிரிந்து தவித்தது. வனத்துறை ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தது. குட்டியைக் குளிப்பாட்டி, மனித வாடை போக மேலெல்லாம் சேறு பூசித் தாயிடம் கொண்டுபோய் விட்டார்கள். சில நாள் கழித்து, தாயின் மேல் சாய்ந்து அது தூங்கும் படம் வந்தது. தொட்டார்கள், தொட்ட தடத்தையும் அழித்தார்கள்.

அடுத்த வருஷம் மே மாதக் கடைசியில் மருதமலை அடிவாரத்தில் ஒரு தாய் யானை விழுந்துவிட்டது. கிரேன் வைத்துத் தூக்கி நிறுத்தி, நாள்கணக்கில் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அது எழுந்து காட்டுக்குள் போனதைக் கோயமுத்தூரே கொண்டாடியது. ஆனால் குட்டி அதற்குள் பிரிந்துபோயிருந்தது. திரும்பத் திரும்பச் சேர்த்து வைக்கப் பார்த்தும் நடக்கவில்லை. கடைசியில் ஜூனில் தெப்பக்காடு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குத் தொடாமல் இருந்திருந்தால் தாயே செத்திருக்கும். முகாமுக்குப் போன அந்தக் குட்டிக்கு, முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அன்பு எதற்கு ஆகும்? அதற்குப் பொம்மன், பெள்ளி மாதிரி ஆட்கள்தான் வேண்டும். நான் பார்த்தவரை கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு அந்த ஜீவன் எங்கே வாழப்போகிறது? காட்டில் என்றால் அது நம்மை மறக்க வேண்டும். அதற்கு நாம் உதவ வேண்டும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மூணு மாசம் சும்மா வேலை செய்ய வசதி வேண்டும். பம்ப்செட் முதலாளி மகளால் முடிந்தது. அதே வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகளால் முடியுமா? காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த காடர்கள் வழிகாட்டியாக முன்னால் நடக்கிறார்கள். சர்டிபிகேட்டில் பின்னால் நடந்தவரின் பெயர் இருக்கிறது. காட்டுக்கு நியாயம் தேடிப் போகும் இடத்தில் இதையும் யாராவது பேச வேண்டாமா?

மூணு மாசம் முடிந்ததும் மகளை அழைத்து வர நண்பரே காரில் போனார். திரும்பி வரும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தியிருக்கிறார். நாட்டுக் குரங்கு ஒன்று தாவி வந்து கதவைப் பிடித்துக்கொண்டது. பழக்க தோஷத்தில் நண்பரின் கை சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போயிருக்கிறது.

"அவ ஒண்ணுமே சொல்லலீங்க. சும்மா என்னையப் பார்த்தா. நான் கண்ணாடிய ஏத்திட்டனுங்க. அது கண்ணாடி மேல கைய வெச்சுட்டு அப்படியே பார்த்துட்டு இருந்துச்சு. அஞ்சு வெரலும் நம்மளதாட்டவே இருக்குதுங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு. பொள்ளாச்சி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கலீங்க."