அதிர்வும் அயலும்

எங்களோடு கோப்பை கழுவும் தம்பி ஒருவன் பழைய கார் ஒன்று வாங்கினான். வாங்கிய இரண்டாம் மாதமே டிக்கிக்குள் சப்வூபர் பூட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கடையில் கேட்ட கூலி அவனுடைய இரண்டு நாள் சம்பளத்துக்கும் மேல். "அண்ணை, நீங்கள் கம்பஸிலை பௌதிகம் படிச்சனீங்கள்தானே" என்றான். படிப்பு அரைவாசியில் நின்றதைச் சொல்லியும் விடவில்லை. உணவகம் பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை, பின்வளவில் வேலையைத் தொடங்கினோம்.

பற்றறியின் நேர்முனையிலிருந்து தடித்த வயரை இழுத்து, ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் வைத்தோம். வயர் எங்காவது உரசித் தோல் கழன்றால் கார் எரியாமலிருக்க அது வேண்டும். மின்வயரைக் காரின் ஒரு கரையாலும் பாட்டு வயரை மறுகரையாலும் கொண்டுபோனோம். சேர்த்து இழுத்தால் என்ஜினின் இரைச்சல் பாட்டுக்குள் வந்துவிடும். டிக்கியின் தகட்டில் பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் எர்த் வயரை இறுக்கினோம். இத்தனை கவனமும் காருக்கும் காரில் இருப்பவனுக்கும்தான். தெருவில் நிற்பவரைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பாட்டைப் போட்டதும் இலக்கத்தகடு கிடுகிடுத்தது. நெஞ்சுக்குள் இடித்தது. அவன் சிரித்த சிரிப்பை நாங்கள் சமையலறையில் ஒருநாளும் கண்டதில்லை.

நாலாம் நாள் ஓர் அக்கா உணவகத்துக்கு வந்தார். அவன் இருக்கும் தொடர்மாடியில் இரண்டாம் தட்டில் தாயோடு இருப்பவர். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து உயிர்தப்பி வந்தவர்கள். இரவு வேலை முடிந்து அவன் கார் வந்து நிற்கையில், தாய் இருட்டில் தவழ்ந்துபோய்க் குளியலறைக்குள் இருந்துகொள்கிறாராம். அக்கா சண்டை பிடிக்கவில்லை. "தம்பி, அம்மாவுக்குக் காது சரியாக் கேக்காது. அவவுக்கு நிலம் அதிருறதுதான் தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் படித்த பௌதிகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நொடிக்கு 40 தடவை அதிரும் ஒலியின் ஓர் அலை காற்றில் ஏறத்தாழ எட்டரை மீற்றர் நீளமானது. பேச்சொலியைச் சுவர் பெருமளவு மறித்துவிடும். இந்த அடியொலியை அப்படி மறிக்காது. சத்தத்தை அளக்கப் பெரும்பாலும் பயன்படும் 'ஏ' முறையோ 50 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபலைக் கழித்துவிட்டே கணக்குச் சொல்கிறது. தாழ்ந்த ஒலியைக் காது குறைவாகவே கேட்கும் என்பது அதற்கான நியாயம். ஆனால் தரையும் கட்டிலும் நெஞ்சும் கேட்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே சட்டத்தின் எல்லைக்குள் நிற்பதால் மட்டும் ஒருவர் குற்றமற்றவராகிவிட மாட்டார்.

அதற்காக அவனைத் திட்டவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அகதி வாழ்க்கை நமக்கு முதலில் படிப்பித்தது அடங்கி இருக்கத்தான். கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடிப்பார் என்று பிள்ளைகளை ஓடவிடாமல் வளர்க்கிறோம். பஸ்ஸில் தமிழில் கதைக்கும்போது குரலைத் தாழ்த்துகிறோம். பத்து மணித்தியாலம் நீராவிக்குள் நின்று மற்றவர்களின் கட்டளை கேட்பவனுக்குத் தன் சொல் செல்லும் ஒரே இடம் அந்தக் கார். "நானும் இங்கே இருக்கிறேன்" என்பதை அவன் அப்படித்தான் சொல்கிறான்.

அவனைப் பழிக்கும் பெரியவர்களும் தங்களை ஒருமுறை பார்க்கவேண்டும். ஊரில் கோயில் திருவிழாவுக்கு மரத்தில் ஒலிபெருக்கி கட்டினோம். பக்கத்து வீட்டில் வருத்தக்காரர் கிடக்கிறாரா என்று கேட்டோமா? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாதென்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட வேண்டியிருந்தது. இங்கேயும் நம்முடைய கலியாண மண்டபங்களில் வயதானவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"என்ரை கார், என்ரை காசு" என்பது உடைமை பற்றிய நியாயம். சத்தமோ உடைமையின் எல்லையில் நிற்பதில்லை. பேச்சுப் பிடிக்காதவர் எழும்பிப் போகலாம். எழுத்துப் பிடிக்காதவர் பக்கத்தைப் புரட்டலாம். தன் வீட்டுத் தரையே அதிரும்போது ஒருவர் எங்கே போவது? பேசுகிற உரிமை மற்றவரின் உடம்புக்குள் புகுகிற உரிமை ஆகாது.

இந்த ஊர்ப் பெடியன் ஒருவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். பங்கருக்குள் கன்னத்தை மண்ணில் வைத்துக் கிடந்த நம்மால் அதைச் சொல்ல முடியாது. துன்பப்பட்டவர் தானாகவே இரக்கமுள்ளவராகிவிடுவார் என்று நாம் நம்புகிறோம். துன்பம் "இனி என்னுடைய முறை" என்றும் படிப்பிக்கும். அந்தப் பாடத்தை மறுக்கிற வேலை நம்முடையது.

அவன் சப்வூபரைக் கழற்றவில்லை. நாங்களும் கழற்றச் சொல்லவில்லை. அம்ப்ளிபயரிலிருந்து இன்னொரு வயர் இழுத்து, சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் அடியொலியைக் குறைக்கும் திருகி ஒன்று பூட்டினோம். தெருமுனையில் அதைத் திருகிவிட்டு உள்ளே வருகிறான், சிலநாள் மறந்துபோகிறான்.

இது போதுமா என்பதுதான் இன்னும் எங்களை உறுத்துகிறது. அந்த அக்காவுக்கு அவனைத் தெரியும், அவனுடைய மொழியும் தெரியும், வந்து சொன்னார். அவன் வரும் வழியில் எத்தனை தொடர்மாடிகள்! அவற்றில் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நமது உணவகத்துக்கு வந்து சொல்லப்போவதில்லை.