நாக்குக்கும் ஒரு வேல்

 

போன கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தேன். நாலாவது நாள் சாயங்காலம், பசியோ என்னவோ, ஒரு சின்ன விஷயத்துக்குத் தங்கச்சியை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவ படிப்பை நிறுத்தினதை நடு வீட்டுல, எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டினேன். அவ அழல. "காலையில வேல் காக்க, வேல் காக்கன்னு படிச்சியே அண்ணா, அது எங்க மேல எறியறதுக்கா?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டா.

"உரிமையிலதானே சொன்னேன்"னு அம்மாகிட்ட சமாளிச்சேன். அன்பு இருக்கிற இடத்துல காயமும் இருக்கும், கவிஞர்களே காதலை வேல், அம்பு, போர்னுதானே பாடியிருக்காங்கன்னு எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கிட்டேன். அப்புறம் எடுத்துப் பார்த்தா, அவங்க பாடினது அப்படி இல்ல.

திருக்குறளில் 'தகையணங்குறுத்தல்' அதிகாரத்தைப் பாருங்க. அவள் திருப்பிப் பார்த்தது படையோடு வந்து தாக்கினது போல இருக்குன்னு ஒருத்தன் சொல்றான். போர்க்களத்துல எதிரிகள் அஞ்சும் என் வலிமை அவ நெற்றியைப் பார்த்ததும் உடைஞ்சு போச்சுன்னும் சொல்றான். ரெண்டு இடத்திலும் பேசுறது அடிபட்டவன். 'நான் தோத்துட்டேன்'னு அவனே ஒத்துக்கிறான். 'நான் எறிஞ்சேன், நீ தாங்கிக்கோ'ன்னு சொல்லல. நான் என் வசதிக்கு அதைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன்.

நம்ம அருணகிரிநாதரும் அப்படித்தான். திருப்புகழில் எத்தனையோ பாடல்களில் பெண்களோட கண்ணை வேல்னும் அம்புன்னும் சொல்லி, அதில் சிக்கி அழிஞ்சேனேன்னு புலம்புவார். (தன் தடுமாற்றத்துக்கு அவங்க கண்ணைக் குறை சொல்வானேன்னு எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்கல.) ஆனா அதே பாட்டு முடியறதுக்குள்ள வேலவன்கிட்ட வந்து நின்னுடுவார். குத்தினதும் வேல், காப்பாத்த வர்றதும் வேல்.

சூரபத்மன் கதையும் நமக்குத் தெரிஞ்சதுதான். மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்துச்சு. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ஒண்ணு வாகனம், ஒண்ணு கொடி. எதிரியா நின்னவனைக்கூட முருகன் பக்கத்துலயே வெச்சுக்கிட்டான். நான் எறிஞ்ச சொல் என்ன செஞ்சுது? பக்கத்துல இருந்தவளைத் தூரமாக்கிடுச்சு.

ஆறாம் நாள் திரும்பக் கவசம் படிச்சேன். தேவராய சுவாமிகள் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு வேலைக் காவல் வைக்கிறார் இல்லையா? முகத்துக்கு, முப்பத்திரண்டு பல்லுக்கு, அப்புறம் நாக்குக்கு. நாக்கு வந்த இடத்துல சட்டுனு நின்னுட்டேன். இத்தனை வருஷமா, நாக்குக்கு நோய் வராம இருக்கன்னே நினைச்சுப் படிச்சிருக்கேன். அந்த நாக்கால அடிபடுறவங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் காவலோன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு.

சூரசம்ஹாரம் முடிஞ்சதும் அவளுக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். பக்கத்து ரூம்தான், ஆனா நேர்ல போக வெட்கமா இருந்துச்சு. ரெண்டு நீல டிக் வந்துச்சு, பதில் வரல. மறுநாள் காலையில பாரணைக்கு எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தா. பேச்சு மட்டும் இன்னும் பழையபடி இல்ல.

வேலும் மயிலும் துணை.