பின்னிருந்து தள்ளிய கைகள்

கேளாமல் கிடைத்த உதவிக்கு ஒருவன் பொறுப்பாவானா? பிரான்சு நாட்டு மிதிவண்டி வீரர் ரோஜே லாபேபியின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1911இல் பயோன் நகரில் பிறந்த இவர், 1934ஆம் ஆண்டுப் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் எல்லைக்கோட்டை முதலாவதாகக் கடந்தார். ஆயினும் வழியில் தம் வண்டி பழுதுற, வேறொருவர் வண்டியில் ஏறி வந்தமையால் அவ்வெற்றி செல்லாதாயிற்று. விதி கடுமையானது, எனினும் தெளிவானது.

1937ஆம் ஆண்டின் 'தூர் த பிரான்சு' பெரும்பந்தயம் அத்துணைத் தெளிவானதன்று. பிரெனீசு மலைப்பகுதியில் ஒருநாள் காலை, அவருடைய வண்டியின் கைப்பிடி அறுக்கப்பட்டிருந்தது. விரைந்து வேறொன்றைப் பொருத்திப் புறப்பட்டார். அன்று வழியோர மக்கள் அவரைப் பின்னிருந்து தள்ளிவிட்டனர். நடுவர்கள் 1 நிமிடம் 30 நொடி தண்டம் விதித்தனர். அது போதாதென்றனர் பெல்ஜியத்தார். அடுத்த கட்டத்தில், முன்னணியிலிருந்த பெல்ஜிய வீரர் சில்வேர் மாஸ், தம் நாட்டவர் துணையைப் பெற்றதற்காக 15 நொடி தண்டம் பெற்றார். மக்களின் பகைமையும் சேரவே, அவர் தம் அணியினருடன் போர்தோவில் விலகினார். லாபேபி, இத்தாலியரான மாரியோ விச்சினியை 7 நிமிடம் 17 நொடி முந்தி வாகை சூடினார்.

அவ்வாண்டுதான் பற்சக்கரம் மாற்றும் கருவி எல்லா வீரர்க்கும் அனுமதிக்கப்பட்டது. அதனைக் கொண்டு வென்றதைக் குறையென்பார் இலர். ஏன்? அத்துணை அனைவர்க்கும் பொது. தள்ளிய கையோ 'நம்மவர்' என்பதற்காக ஒருவருக்கு மட்டும் நீண்டது.

நாம் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், தேர்வறையில் ஒரு சிறுமிக்குப் பக்கத்திலிருந்தவள் விடையை முணுமுணுத்தாள். இருவர் மதிப்பெண்ணையும் குறைத்தோம். "நான் கேட்கவில்லை, டீச்சர், காதில் விழுந்துவிட்டது" என்று அழுதாள் அச்சிறுமி. "விழுந்ததை ஏன் எழுதினாய்?" என்றோம். இன்று எண்ணுங்கால், அவ்விடத்தில் நாமாயினும் எழுதியிருப்போம் என்றே தோன்றுகிறது. மதிப்பெண்ணைக் குறைத்தது முறையே. அவளைக் குற்றவாளியாக நோக்கியது முறையன்று. தண்டம் செயலை அளக்கலாம். உள்ளத்தை அளந்துவிட்டதாக எண்ணலாகாது.

கைப்பிடியை அறுத்தவர் அவ்வீரருக்குத் தீங்கு நினைத்தவர். தள்ளியவர்களோ அன்பு கொண்டவர்கள். ஆயினும் அறுத்த கை அவரைத் தோற்கடிக்கவில்லை. அன்புக் கைகளே அவர் வெற்றியில் ஐயத்தைக் கலந்தன. பிள்ளைகளுக்காகப் பரிந்துரைக் கடிதம் தேடி அலையும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

லாபேபி 1996இல் மறைந்தார். போர்தோ அருகிலிருந்து சோவ்தேர்-த-குயென் ஊர்வரை, திராட்சைத் தோட்டங்களின் ஊடே, பழைய இருப்புப்பாதை மிதிவண்டிப் பாதையாக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளும் அப்பாதையில் அன்றாடம் செல்வோருக்குப் போட்டியில்லை. நொடிகளை எண்ணும் நடுவருமில்லை. அத்தகைய பாதையில், தத்தித் தத்தி ஓட்டும் குழந்தையின் இருக்கையைத் தந்தை பின்னிருந்து பிடித்துத் தள்ளுவது குற்றமன்று, கடமையே. ஆனால் உரிய நேரத்தில் அக்கையை விட்டுவிடவும் வேண்டும். விட்ட பிறகு குழந்தை ஓட்டும் நாலு முழ தூரமே அதன் சொந்த வெற்றியாகும்.