மாட்டுக்கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு நீதான் மெக்கானிக்!

கீழ்பென்னாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டுக்கொட்டகைக்குள் எட்டிப் பார். மல்லாட்டை மூட்டைக்குப் பின்னால், கோழி அடையும் மூலையில், சாக்கு போர்த்திய பழைய வண்டி ஒன்று நிற்கும். புல்லட்டோ, எஸ்டியோ, ராஜ்தூத்தோ. தாத்தா ஓட்டியது, அப்பா ஓட்டியது. இன்று இரும்புக் கடைக்காரர் அதற்குக் கிலோ கணக்கில் விலை சொல்கிறார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா, போட்டுடலாம்னு இருக்கேன்" என்று வந்து நிற்கும் தம்பிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தெரியாது என்று சொன்ன வாய்க்கு, கத்துக்கொடுங்க என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

தெரியாதவர்கள் செய்ததைச் சொல்கிறேன், கேள். 1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைத்தான் திருவொற்றியூரில் முதலில் பூட்டினார்கள். 1956 முடிய 163 புல்லட்தான் வெளியே வந்தது. பூட்டிப் பூட்டியே கை பழகியது. பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் அதே இங்கிலாந்துக்கு இங்கிருந்து புல்லட் கப்பலேறியது! பெட்டியைப் பிரித்த முதல் நாள் அந்தக் கைகளும் உன் கையைப் போலத்தான் தயங்கியிருக்கும்.

எழுந்திரு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடு. பெயிண்ட் டப்பாவைத் தொடாதே. நான் அந்தத் தப்பைச் செய்தவன். இருபத்திரண்டு வயதில் ஒரு புல்லட் வாங்கி, சம்பளம் முழுக்கப் போட்டு குரோம் அடித்து, டேங்கில் கோடு இழுத்து முடித்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தேன். சேஸிஸ் நம்பர் ஒன்றாக இருந்தது, புத்தகம் வேறு சொன்னது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அதனால் சொல்கிறேன்: முதலில் அழுக்கைத் துடை. எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஓர் எழுத்து விடாமல் புத்தகத்தோடு வைத்துப் பார். வெளியில் வாங்கப் போகும் வண்டியில் வரிசை கோணலாக இருந்தாலோ, அரம் போட்ட தடம் தெரிந்தாலோ விலை பேசாமல் வெளியே வா.

அடுத்து நம்பர் பிளேட். நம் மாவட்டத்து 'டி.என். 25' என்பது 1989-க்குப் பிறகு வந்த வரிசை. 1970 மாடல் என்று ஒருவர் சொல்லும் வண்டியில் அது இருந்தால், மறுபதிவு எப்போது, ஏன் என்று கேள். கேட்பதற்குக் கூச்சப்படாதே, காசு உன்னுடையது.

வண்டியின் உடம்பே பேசும். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. கியர்பாக்ஸ் எஞ்சினோடு ஒரே வார்ப்பாக இல்லாமல், தனிப் பெட்டியாகப் பின்னால் பூட்டியிருக்கும். 350-ன் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. 'தட் தட்' என்று நிதானமாக அடிப்பதில் அந்த நீண்ட ஸ்ட்ரோக்குக்குப் பங்குண்டு. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி என்றால் கிக்கரே கியர் லிவராகவும் மாறும், இரண்டு பக்கமும் சைலன்சர். ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. அதற்குப் பிந்தைய மாடல் என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர். இந்த அடையாளங்கள் தெரிந்தவனை ஏமாற்றுவது சுலபமில்லை, தம்பி. தங்கச்சி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது.

மாற்றி அழகு பார்க்க ஆசையா? பார்! ஆனால் கட்டர் மெஷினைக் கீழே வை. சேஸிஸை வெட்டுவது, சைலன்சரைக் கழற்றிக் காது கிழிய விடுவது வீரமில்லை. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ஐம்பது வயது தாண்டி, உருவம் குலையாமல் இருக்கும் வண்டிக்கு 2021-ல் தனிப் பதிவே வந்திருக்கிறது, நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். நீ வெட்டித் தள்ளினால் அந்த மரியாதை போகும். சீட்டு தை, டேங்கில் கோடு இழு, நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய். திருவொற்றியூரில் புல்லட் டேங்கின் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுத்தார்கள். நடுங்காமல் அப்படி ஒரு கோடு இழுத்துக் காட்டு, அதுதான் கஸ்டம்! கிடைக்காத பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

அடுத்து, புல்லட்டின் பாயிண்ட்டை நீயே செட் செய். மூடியைத் திற. கரி பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய். பாயிண்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜில் 0.40 மில்லிமீட்டர் தகட்டை நுழை; லேசாக உரசிப் போக வேண்டும், இறுக்கவும் கூடாது, ஆடவும் கூடாது. முதல் முறை ஸ்க்ரூவை முடுக்கும்போதே இடைவெளி மாறிவிடும். மறுபடி வை. எனக்குப் பதினோரு முறை தப்பியது. பன்னிரண்டாவது முறை தகடு உரசிய அந்த உணர்வு இன்றும் என் விரல் நுனியில் இருக்கிறது.

இப்போது வண்டியை வாசலுக்குத் தள்ளு. பெட்ரோல் டேப்பைத் திற, சாவியைத் திருப்பு. கிக்கரை மெதுவாக அமுக்கு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கு, விடு, கிக்கர் மேலே வரட்டும். செஞ்சி ரோட்டில் பஸ் போகும் சத்தம் கேட்கிறதா? தெருவே பார்க்கிறதா? பார்க்கட்டும். உடம்பின் பாரம் முழுவதையும் வலது காலில் இறக்கி, மிதி!